பீமனோட வால் வளையம் என்ன நிறம்?

போன மாசம் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் துழாவிக்கிட்டு இருந்தப்போ பொண்ணு பக்கத்துல வந்து உக்கார்ந்தா. "அப்பா, பீமன் படம் ஏதாவது நல்லதா இருக்கா? வரையலாம்னு பாக்கறேன்" என்றாள். ஏன் இல்லாம? ஒரு ஃபோல்டர் நிறைய இருக்கே என்று பெருமையாகத் திறந்து காட்டினேன். நானூத்தி முப்பது படம். பத்து நிமிஷம் பாத்துட்டு அவ கேட்ட கேள்விதான் தலைப்பில் இருக்கிறது. "அப்பா, அவன் வால்ல ஒரு வளையம் இருந்துச்சே, அது ஆரஞ்சா, சிவப்பா, மஞ்சளா? படத்துக்குப் படம் மாறுதே?"

எனக்குப் பதில் தெரியலைங்க. பதினோரு வருஷம் தினமும் பாத்த மீன்.

பீமன் யாருன்னு புதுசா வர்றவங்களுக்குச் சொல்லிடறேன். 2003-ல் கொளத்தூரில் ஒரு கடையில் ரெண்டு அங்குலக் குட்டியா வாங்கி வந்த ஆஸ்கர் மீன். ஒரு அடிக்கு வளர்ந்தான். நாலடித் தொட்டி முழுக்க அவன் ராஜ்ஜியம். 2014-ல் போய்ச் சேர்ந்தான். அப்போ பொண்ணுக்கு ஆறு வயசு, ரெண்டு நாள் சரியாச் சாப்பிடலை. இப்ப காலேஜ் போறா.

அந்தக் கேள்வி மண்டைக்குள்ள குடைய ஆரம்பிச்சதும், நமக்கு வழக்கமா வர்ற வியாதி வந்துடுச்சு. இந்த மீனோட நிறத்தை முதல்ல யார் பிடிச்சு வெச்சாங்க, எப்படிப் பிடிச்சாங்கன்னு தேட உக்கார்ந்தேன். அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபி எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

முதல்ல ஒரு உறவுமுறை. ஆஸ்கர், டிஸ்கஸ், ஏஞ்சல், ஃப்ளவர்ஹார்ன் எல்லாம் சிக்லிட் என்கிற குடும்பம். பேரைக் கேட்டா என்னவோ வெளிநாட்டுச் சமாச்சாரம் மாதிரி இருக்கும். ஆனா நம்ம மார்க்கெட்டில் கிலோ கணக்கில் விக்கிற ஜிலேபி இருக்கே, அதுவும் சிக்லிட்தான். ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, 1952-ல் இலங்கை வழியா இந்தியாவுக்கு வந்தது. ஆனா கேரளாக்காரங்க உயிரை விடற கரிமீன் வந்தேறி இல்லை, அசல் நம்ம மண்ணு சிக்லிட். அதோட தம்பி மாதிரி ஒரு சின்ன மீன் உண்டு, தொட்டிக்காரங்க ஆரஞ்சு குரோமைட் என்பார்கள், கேரளாவில் பள்ளத்தி. இந்தத் தம்பி பின்னாடி ஒரு முக்கியமான இடத்தில் வரப்போறார், ஞாபகம் வெச்சுக்கோங்க.

இந்த ரெண்டு மீனுக்கும் விஞ்ஞானப் பேர் வெச்சவர் பெர்லினில் இருந்த மார்க்கஸ் எலியேசர் ப்ளாக் என்கிற வைத்தியர். கரிமீனுக்கு 1790-ல், தம்பிக்கு 1795-ல். ப்ளாக் இந்தியா வந்ததே கிடையாது. மீன் சாராயத்தில் ஊறிக்கிட்டு கப்பலில் அவரைத் தேடிப் போகும். அனுப்பினவங்களில் முக்கியமான ஒருத்தர் நம்ம தரங்கம்பாடியில் இருந்த மிஷனரி கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான். தரங்கம்பாடிக் கரையில் பிடிச்ச மீன் பெர்லின் போய் ஓவியமாகும். நன்றிக்கடனா ப்ளாக் ஒரு மீன் பேரினத்துக்கே ஜோனியஸ் என்று அவர் பேரை வெச்சார். ப்ளாக்கோட மீன் புத்தகங்களில் மொத்தம் 432 படங்கள், கையால் வர்ணம் தீட்டினவை. இன்னிக்கும் பாத்தா கண்ணைப் பறிக்கும்.

ஆனா ஒரு சிக்கல். சாராயத்தில் போட்ட மீனுக்கு நிறம் நிக்காது. மீன் தோலில் இருக்கும் கறுப்பு நிறமி சாராயத்துக்கு அசையாது, வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு தர்ற கரோட்டினாய்டு இருக்கு பாருங்க, அது சாராயத்தில் கரைஞ்சு போயிடும். அதாவது மீன் ஊருக்குப் போய்ச் சேர்றப்போ கறுப்புப் பட்டை, கறுப்புப் புள்ளி மட்டும்தான் மிச்சம். மத்ததெல்லாம் பாட்டிலில் இருக்கும் தண்ணியில் போயிருக்கும். அப்புறம் வரையறவர் என்ன செய்வார்? எழுதி அனுப்பின குறிப்பு இருந்தால் அதை வெச்சு, இல்லைன்னா தோணினதைப் பூச வேண்டியதுதான்.

இன்னொரு வேடிக்கை. ப்ளாக் இந்த ரெண்டு மீனையும் சேர்த்த இனம், கடலில் இருக்கும் வண்ணத்துப்பூச்சி மீன்களோட இனம். செத்த மீனுக்கு முகவரி கிடையாதில்லையா.

இதே கூத்து ஆஸ்கருக்கும் நடந்தது. 1817-லிருந்து 1820 வரைக்கும் ஸ்பிக்ஸ், மார்ட்டியஸ் என்று ரெண்டு ஜெர்மன்காரர்கள் பிரேசில் முழுக்கச் சுத்தி உயிரினங்களைச் சேகரிச்சாங்க. ஸ்பிக்ஸ் 1826-ல் இறந்துட்டார். மீன் எல்லாம் மியூனிக்கில் தேங்கிக் கிடக்கு. மார்ட்டியஸ் அந்த வேலையை ஒரு மாணவன்கிட்ட ஒப்படைச்சார். பையன் பேரு லூயி அகாசி. இருபது வயசைத் தாண்டி ஒண்ணு ரெண்டு வருஷம்தான் ஆகியிருக்கும். ஆஸ்கரை எடுத்துப் பாத்துட்டு இது கடல் மீன் என்று முடிவு கட்டி, லோபோட்டஸ் என்கிற கடல் மீன் இனத்தில் சேர்த்து 1831-ல் அச்சிட்டார். அமேசான் ஆத்து மீனுங்க அது! இந்தப் பக்கம் ஆத்தையும் காயலையும் கடலாக்கினார் ப்ளாக், அந்தப் பக்கம் அகாசி.

ஒண்ணு மட்டும் சரியாப் பிடிச்சார். ஒசெல்லாட்டஸ் என்று பேர் வெச்சார். சின்னக் கண் உடையது என்று அர்த்தம். வாலடியில் கறுப்பா ஒரு பொட்டு, அதைச் சுத்தி ஒரு வளையம், தூரத்திலிருந்து பாத்தா இன்னொரு கண் மாதிரியே இருக்கும். கறுப்பு சாராயத்தில் அழியலை பாருங்க, அதனால அவருக்குத் தெரிஞ்சது. வளையத்தோட நிறம்? அது வேற கேள்வி. ஆக என் பொண்ணோட சந்தேகத்துக்கு வயசு இருநூறுக்குக் கிட்டே :-)

(இந்தப் பொய்க்கண் எதுக்குன்னு ரொம்ப நாள் சண்டை. வைன்மில்லர் என்கிற ஆராய்ச்சியாளர் 1990-ல் எழுதினது, துடுப்பைக் கடிக்க வர்ற பிரானா மீன்கள் வாலைத் தலைன்னு குழம்பித் தயங்கும் என்பது. பீமன் தொட்டியில் பிரானா இல்லை. வீட்டுக்கு வர்ற சின்னப் பசங்க மட்டும் எது தலைன்னு குழம்பியிருக்காங்க.)

சரி, சாராயம் வேண்டாம், பிடிச்ச உடனே வரைஞ்சா? அதுக்கும் ஆள் இருந்தார், ஆல்ஃப்ரெட் ரஸல் வாலஸ். டார்வினோட சேர்த்துப் பேசப்படறவர்தான். 1850-க்குப் பிறகு ரியோ நெக்ரோ ஆத்தில் மேல போய், பிடிச்ச மீனை ஈரம் காயறதுக்குள்ள பென்சிலால் வரைஞ்சு வெச்சார். இருநூத்துச் சொச்சம் படம், அதில் சிக்லிட்களும் உண்டு. 1852 ஜூலையில் எல்லாத்தையும் மூட்டை கட்டிக்கிட்டு ஹெலன் என்கிற கப்பலில் ஊருக்குக் கிளம்பினார். ஆகஸ்ட் 6-ம் தேதி நடுக்கடலில் கப்பல் தீப்பிடிச்சது. புகை நிறைஞ்ச அறைக்குள்ள போய்க் கையில் அகப்பட்ட ஒரு சின்னத் தகரப் பெட்டியை மட்டும் எடுத்துக்கிட்டு படகில் இறங்கினார். சேகரிச்ச பறவை, பூச்சி, நோட்டுப் புத்தகம் எல்லாம் கண்ணெதிரே எரிஞ்சு போச்சு. படகில் பத்து நாள். அந்தத் தகரப் பெட்டிக்குள்ள இருந்தவை பனை மரப் படங்களும் இந்த மீன் படங்களும். அவை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்து, கடைசியில் 2002-ல்தான் பிரேசிலில் புத்தகமா வந்தது. நூத்தைம்பது வருஷம்!

எனக்கு 2009-ல் ஒரு ஹார்ட் டிஸ்க் போனப்போ வீட்டையே ரெண்டாக்கினேன். வாலஸ் பத்திப் படிச்சதும் கொஞ்சம் வெக்கமாப் போச்சு.

அகாசி கதை அதோட முடியலை. மியூனிக்கில் செத்த மீனைப் பாத்து எழுதின அதே பையன், அமெரிக்காவில் பெரிய ஹார்வர்ட் புரொஃபசராகி, 1865-ல் தாயர் பயணம் என்ற பேரில் பிரேசிலுக்கே போய் இறங்கினார். ஐம்பத்தெட்டு வயசு இருக்கும். கூடவே ஜாக் பர்க்ஹார்ட் என்கிற ஓவியர். மீன் பிடிபட்ட கையோட வர்ணம் தீட்டறது அவர் வேலை, நூத்துக்கணக்கில் தீட்டினார். ஒரு வகை சிக்லிட் வாய்க்குள்ளயே முட்டையை வெச்சுப் பாதுகாக்கறதையும் அகாசி அங்கேதான் பாத்தார்.

அந்தப் பயணத்தில் கேமராவும் போயிருந்தது. அதை எதுக்குப் பயன்படுத்தினாங்க தெரியுமா? மனாவுஸ் ஊரில் வால்டர் ஹன்னவெல் என்கிற மாணவரை வெச்சு அங்கிருந்த மக்களைத் துணியில்லாம நிக்க வெச்சுப் படம் எடுக்க. மனுஷங்களை இனம் இனமாப் பிரிச்சு உசத்தி தாழ்த்தி சொல்ற கிறுக்கு அகாசிக்கு உண்டு, அதுக்கு ஆதாரம் சேர்க்கிறாராம். மீனுக்கு உயிரோட நிறம் வேணும்னு பொறுமையா ஓவியர், மனுஷனுக்கு மாதிரிச் சரக்கு மாதிரி கேமரா. இதைப் படிச்சப்புறம் அந்த ஆள் மேல இருந்த மரியாதை பாதி போயிடுச்சு எனக்கு.

ஏன் மீனுக்குக் கேமரா இல்லை? அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடு நொடிக்கணக்கில் வெளிச்சம் கேக்கும். மீன் அசையாம நிக்குமா? நின்னாலும் கறுப்பு வெள்ளைதான். உயிரோட நீந்தற மீனைத் தொட்டியில் வெச்சு ஒழுங்காப் படம் எடுக்கப் பாத்தவங்களில் அமெரிக்காவின் ஷுஃபெல்ட் ஒருத்தர், 1899-ல் அரசாங்க மீன்வளக் கமிஷனுக்காக எழுதியிருக்கார். இங்கிலாந்தில் ஃப்ரான்சிஸ் வார்ட் என்கிற டாக்டர் இன்னும் ஒரு படி மேல. குளத்தோட பக்கவாட்டில் கண்ணாடி பதிச்சு, அதுக்குப் பின்னாடி நிலத்துக்குள்ள ஒரு இருட்டறை கட்டி, அதில் உக்கார்ந்து எடுத்தார். 1911-ல் புத்தகமே போட்டார். அவர் கண்டுபிடிச்ச சூத்திரம்தான் இன்னிக்கும் நமக்குச் சூத்திரம்: மீன் வெளிச்சத்தில் இருக்கணும், எடுக்கறவன் இருட்டில் இருக்கணும். நான் இதைத் தெரிஞ்சுக்காம வெள்ளை பனியனோட தொட்டி முன்னாடி நின்னு எடுத்ததில் எழுபது எண்பது படத்தில் பீமன் வயித்துக்குள்ள என் தொப்பை தெரியுது.

கலர் வந்தது அதுக்கப்புறம். தண்ணிக்கு அடியில் எடுத்த முதல் கலர் படம் 1926-ல், ஃப்ளோரிடா பக்கம் லாங்லி, மார்ட்டின் என்கிற ரெண்டு பேர். மெக்னீசியம் பொடியை மிதவை மேல வெச்சு வெடிக்க வெச்சு வெளிச்சம் உண்டாக்கினாங்களாம், மீன் படம் எடுக்க மினி தீபாவளி. 1936-ல் 35 மிமீ கோடக்ரோம் ஃபிலிம் கடைக்கு வந்தது. அதோட வேகம் இன்னிய கணக்கில் ஐஎஸ்ஓ 10-ஐ ஒட்டி. நம்ம போன் கேமரா சர்வ சாதாரணமா 800, 1600-ல் எடுக்குது. பத்துக்கு எடுக்கணும்னா தொட்டிக்குள்ள சூரியனைத்தான் கொண்டு வரணும். கொண்டு வந்தவர் எம்ஐடியில் இருந்த ஹெரால்ட் எட்ஜர்டன். 1930-களில் அவர் செஞ்ச எலக்ட்ரானிக் ஃப்ளாஷ் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கை விடக் குறைஞ்ச நேரம் பளிச்சிடும். மீன் எவ்வளவு வேகமாத் திரும்பினாலும் உறைஞ்சு நிக்கும். மீன் தொட்டிக்காரங்களுக்கு அவர் படத்தை மாட்டி மாலை போடலாம்.

இப்ப நான் சொல்ல வந்த கதையோட உச்சம்.

டிஸ்கஸ் என்று ஒரு சிக்லிட், தட்டு மாதிரி உருண்டையா இருக்கும். நாட்டரர் என்பவர் ரியோ நெக்ரோவிலிருந்து அனுப்ப, வியன்னாவில் ஹெக்கல் 1840-ல் பேர் வெச்ச மீன். தொட்டி உலகத்தில் அதுக்கு ராஜா பட்டம். ஆனா குஞ்சு பிழைக்காது. ஏஞ்சல் மீனுக்குச் செய்யற மாதிரி, அப்பன் ஆத்தா தின்னுடும்னு பயந்து முட்டையைத் தனியா எடுத்து வெப்பாங்க. குஞ்சு பொரியும், நீந்த ஆரம்பிக்கும், என்ன தீனி போட்டாலும் சீண்டாம கொத்துக் கொத்தாச் செத்துப் போகும்.

பிரிக்காம அப்பா அம்மாவோடவே விட்டவங்க ஒரு அதிசயத்தைப் பாத்தாங்க. குஞ்சுகள் எல்லாம் பெத்தவங்க உடம்பில் போய் ஒட்டிக்கிட்டு, தோலில் சுரக்கும் வழவழப்பான சளியைக் கொத்தித் தின்னுதுங்க. மீனுக்குத் தாய்ப்பால்! சொன்னா யார் நம்புவாங்க? 1959-ல் ஹில்டமன் ஆராய்ச்சிக் கட்டுரையா எழுதினார். மறு வருஷம் மே மாத நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழில் ஜீன் உல்ஃப்ஸைமர் என்கிற கலிஃபோர்னியாக்காரர் தன் தொட்டியில் நடந்ததைப் படத்தோட போட்டார். டிஸ்கஸ் விலாவில் குஞ்சுகள் மொய்ச்சுக்கிட்டு மேயுது. அதுக்கப்புறம் யாரும் வாயைத் திறக்க முடியலை. முட்டையைப் பிரிச்சு எடுக்கறவங்க நிறுத்தினாங்க, வீட்டுத் தொட்டிகளில் டிஸ்கஸ் வளர ஆரம்பிச்சது. ஒரு வீட்டுத் தொட்டிக்கு முன்னாடி எடுத்த படத்துக்கு இதைவிட என்னங்க மரியாதை வேணும்?

நம்ம தம்பி இங்கேதான் வர்றார். 1967-ல் வார்ட், பார்லோ ரெண்டு பேரும் அதே மாதிரி வேற யார் செய்யறாங்கன்னு எழுதினாங்க. நம்ம ஆரஞ்சு குரோமைட்! அதோட குஞ்சுகளும் அப்பா அம்மா உடம்பை உரசி உரசிச் சளியைத் தின்னும். ப்ளாக் வண்ணத்துப்பூச்சி மீன்னு நினைச்சுப் பேர் வெச்சு நூத்தி எழுபது வருஷம் கழிச்சு, அதுவும் அமெரிக்காவில் உக்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நம்ம ஊர்க் காயல்களில் தலைமுறை தலைமுறையா வலை போடறவங்க பாத்திருக்கவே மாட்டாங்களா? பாத்திருப்பாங்க. அவங்ககிட்ட யாரும் கேமராவோட போய்க் கேக்கலை, அவ்வளவுதான்.

2010-ல் இங்கிலாந்தின் ப்ளிமத் பல்கலைக்கழக ஆட்கள் டிஸ்கஸ் சளியை அலசிப் பாத்தாங்க. முட்டையிட்ட காலத்தில் அதில் புரதமும் நோய் எதிர்ப்புச் சத்தும் ஏறுதாம். மூணாவது வாரம் பெத்தவங்க குஞ்சுகளை விட்டுட்டுக் கொஞ்சம் கொஞ்சம் நேரம் விலகிப் போவாங்களாம். பால் மறக்கடிக்கிற மாதிரியே.

அப்புறம் ஃப்ளவர்ஹார்ன் பத்தி ரெண்டு வரி, மலேசிய, சிங்கப்பூர் நண்பர்கள் கோவிச்சுக்கக் கூடாது. தொண்ணூறுகளில் மலேசியாவில் கலந்து உண்டாக்கின சிக்லிட் அது. 2000-த்தை ஒட்டி அந்த ஊர்களில் பித்துப் பிடிச்ச மாதிரி விலை ஏறி, கொஞ்ச வருஷத்தில் தொப்புன்னு விழுந்தது. உடம்பில் இருக்கும் கறுப்புக் குறியை எண்ணா படிச்சு லாட்டரி வாங்கினவங்க உண்டு. அந்தக் காலத்தில் இணையத்தில் வந்த விற்பனைப் படங்களைப் பாக்கணும் நீங்க, சிவப்பு வழிஞ்சு திரைக்கு வெளியே சொட்டும். நூத்தைம்பது வருஷம் முட்டி மோதி நிஜ நிறத்தைப் பிடிக்கக் கத்துக்கிட்டு, ஒரே மௌஸ் இழுப்பில் தொலைச்சோம்.

என் பங்குக்கு நான் தொலைச்சதைச் சொல்லணும். 2003, 2004-ல் ஃபிலிம். முப்பத்தாறு படம் எடுத்துட்டு ஸ்டூடியோவில் கொடுத்தா, கழுவினவர் மீன் படம்னு தெரியாம பச்சையா இருக்கேன்னு அவரே சரி பண்ணி, பீமனைக் கத்திரிக்காய் நிறத்தில் கொடுத்தார். 2006-ல் டிஜிட்டல் வந்தது. கேமரா தானாவே வெளிச்சத்தைக் கணிக்கும், ஆனா தொட்டி மேல இருந்த ட்யூப் நீலம், அறையில் குண்டு பல்பு மஞ்சள், பத்து மிமீ கண்ணாடி லேசாப் பச்சை. அது ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணை நம்பும். நேரா ஃப்ளாஷ் அடிச்சா கண்ணாடியில் ஒரு வெள்ளைக் குண்டு, தண்ணியில் மிதக்கிற தூசியெல்லாம் நட்சத்திரம். சாய்ச்சு எடுத்தா ஒளி விலகி, துடுப்பு ஓரத்தில் வானவில். லென்ஸைக் கண்ணாடியோட ஒட்டி நேரா வெச்சு, ஃப்ளாஷைத் தனியாத் தொட்டி மூடி மேல வெச்சு எடுக்கணும்னு கத்துக்கறதுக்கு நாலு வருஷம்.

இத்தனைக்கும் மேல பெரிய சிக்லிட்டோட குணம் ஒண்ணு இருக்கு. ஆளைத் தெரியும். நான் கேமராவோட போனா தீனின்னு நினைச்சு மூஞ்சியைக் கண்ணாடியில் ஒட்டிக்கிட்டு நிப்பான். பக்கவாட்டில் திரும்பவே மாட்டான். நானூத்தி முப்பதில் முன்னூறு படம் வெறும் வாய். வால் எங்கேயோ பின்னாடி மங்கலா.

கடைசியில் பொண்ணுதான் வழி கண்டுபிடிச்சா. 2011-ல் எடுத்த ஒரு படத்தில் தண்ணி மாத்தற வெள்ளை பிளாஸ்டிக் மக் தொட்டிக்குள்ள பாதி முங்கிக் கிடக்கு. பீமன் அதை முறைச்சுக்கிட்டுப் பக்கவாட்டில் நிக்கறான். மென்பொருளில் அந்த மக்கைத் தொட்டு இதுதான் வெள்ளைன்னு சொன்னா. படம் பூரா சட்டுனு மாறிச்சு. கறுப்பு கறுப்பாச்சு, வால் வளையம் நல்ல ஆரஞ்சு. உள் ஓரத்தில் மட்டும் லேசா சிவப்பு. எனக்குத் தொண்டை என்னவோ பண்ணிச்சு, அவன்தான், அவனேதான்.

அந்த நேரம் பாத்து வீட்டுக்காரம்மா அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பாத்தாங்க. "இல்லை இல்லை, நல்ல ரத்தச் சிவப்பு. எனக்குத் தெரியாதா? எறா உரிச்ச தோலையும் தலையையும் நான்தானே போடுவேன்" என்றார்கள். மீன் தானா கரோட்டினாய்டு செய்யாது, தீனியில்தான் வரணும். எறாவில் அது நிறைய. அவங்க எறா போட ஆரம்பிச்சது 2012-ல், அந்தப் படம் அதுக்கு முந்தின வருஷம். அதுக்கப்புறம் எடுத்த படம் எதிலேயும் மக் இல்லை.

பொண்ணு இப்ப ரெண்டு படமா வரைஞ்சுக்கிட்டு இருக்கா. ஒண்ணில் ஆரஞ்சு, இன்னொண்ணில் சிவப்பு. எதை ஹாலில் மாட்டறதுன்னு பஞ்சாயத்து நடக்குது.